மேலே வந்து மூச்சு வாங்கும் மீன்

வடக்கு மினசோட்டா
அக்டோபர் 29, 1978

அன்புள்ள ஆர்வோ அண்ணாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் மாப்பிள்ளை ரெய்னோவும் சுகம். நீங்களும் இர்மா அண்ணியும் சுகமென்று நம்புகிறேன். இங்கே குளிர் சீக்கிரமே வந்துவிட்டது. ஜன்னல்களுக்குப் பிளாஸ்டிக் தாள் அடித்து, வீட்டு அடிச்சுவரைச் சுற்றி வைக்கோல் கட்டுகளும் அடுக்கியாயிற்று. வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் லாரி இந்தக் குளிர்காலம் எங்கள் வாசலுக்கு வராது. ரெய்னோ நிலவறையில் வேறு ஏற்பாடு செய்திருக்கிறார். அதைப் பற்றி எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் அளவு கேட்பீர்கள், அவருக்குக் கோபம் வரும். வீடு கதகதப்பாக இருக்கிறது, அது போதும். எனக்குத்தான் காலையில் லேசான தலைவலி. போய்விடும்.

உங்களைத் தொந்தரவு செய்வது மீன்களுக்காக. நீலக்கோட்டு டெட்ரா மூன்று ஒரே வாரத்தில் செத்துவிட்டன. மற்றவை நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தீனியை மாற்றவில்லை, கிணற்றுநீரையும் மாற்றவில்லை. ஒன்பது வருடங்களுக்கு முன் இந்தத் தொட்டியை எதற்காகக் கொண்டுவந்து வைத்தீர்கள் என்று நாம் பேசிக்கொண்டதே இல்லை. ஆனால் அதைக் காலியாகப் பார்க்க என்னால் முடியாது.

தொலைபேசியில் பேசியிருக்கலாம். நான்கு வீட்டுக்கு ஒரே கம்பி. நான் தும்மினால் அடுத்த பண்ணை லெம்பி அங்கிருந்து ‘நூறாயுசு’ என்பாள். ஆகவே கடிதம்.

அன்புத் தங்கை,
ஹெல்மி


டொலீடோ, ஒகாயோ
நவம்பர் 5, 1978

அன்புத் தங்கை ஹெல்மிக்கு,

ஆர்வோ எழுதிக்கொண்டது. நாங்கள் இருவரும் நலம். உங்கள் இருவரின் நலத்தையும் விழைகிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மீன் காரணமின்றிச் சாவதில்லை. இத்தனை ஆண்டுகளாக நீரை ஆய்ந்து சம்பளம் வாங்குபவன் என்ற முறையில் சொல்கிறேன்: நூற்றில் தொண்ணூறு சாவுக்கு நீரே காரணம், மீதிப் பத்துக்கு நீரைப் பார்த்துக்கொள்பவர் காரணம். நீ எந்த வகை என்பதைப் பிறகு முடிவுசெய்வோம்.

ஒன்று: தொட்டிநீரில் ஐந்தில் ஒரு பங்கை வாரந்தோறும் மாற்று, அதற்கு மேல் மாற்றாதே. இரண்டு: சோப்புப் பட்ட வாளியைத் தொட்டியின் பக்கம் கொண்டுபோகாதே. மூன்று: வெப்பம் எழுபத்தாறு டிகிரி பாரன்ஹீட்டில் நிலையாக இருக்கவேண்டும். குளிர்க்காற்றுக் கீற்று மீனுக்கு நஞ்சு. ஆகவே தொட்டியறையின் வடக்கு ஜன்னல் விளிம்புகளை ஒட்டுநாடாவால் அடைத்து, கதவடியில் கம்பளித் துணி சுருட்டி வை. நான்கு: தொட்டியின் கண்ணாடி மூடியைத் திறந்து வைக்காதே.

நீரின் புளிப்பைச் சோதிக்கும் சாயக்குப்பி ஒன்றைத் தனிப் பொட்டலமாக அனுப்பியுள்ளேன். சோதனைக்குழாய் நீரில் மூன்று சொட்டு விடு. நீலம் எனில் காரம், பச்சை எனில் நடுநிலை, மஞ்சள் எனில் புளிப்பு. நிறத்தை எழுது, கருத்தை எழுதாதே.

அன்புடன்,
ஆர்வோ


வடக்கு மினசோட்டா
நவம்பர் 19, 1978

அன்புள்ள அண்ணா,

உங்கள் நலத்துக்குத் தினமும் ஜெபிக்கிறேன். நாங்கள் இருக்கிறோம். காலை எழுந்ததும் தலை பாரமாகி, வயிற்றைப் புரட்டிக்கொண்டு வருகிறது. காபி வாசனையே ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனால் தெளிந்துவிடுகிறது. சனிக்கிழமை முற்றத்துக் கொட்டகையில் சாவ்னா நீராவிக் குளியலுக்கு உட்கார்ந்தால் பறவை மாதிரி லேசாக இருக்கிறது. ரெய்னோவுக்கும் எரிச்சல் அதிகம், ஆனால் அது அவர் சுபாவம்.

நிறம் மஞ்சள். மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் மஞ்சள். நீங்கள் சொன்னபடி ஜன்னலை அடைத்தாயிற்று, கதவடியிலும் துணி வைத்தாயிற்று. ஆனாலும் இரண்டு கெளுத்திகள் அடிமணலில் மல்லாந்து கிடந்தன.

உங்கள் கடிதத்தை ரெய்னோவுக்குப் படித்துக்காட்டினேன். “உங்க அண்ணன் கடவுளுக்கே கடிதாசி போட்டாலும் ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுத்தான் போடுவாரு” என்கிறார். கோபித்துக்கொள்ளாதீர்கள். பம்ப்பின் இரைச்சலில் தனக்குத் தூக்கம் வருவதில்லை என்றும் சொல்லச் சொன்னார்.

இன்னொன்று. நாம் படுத்திருந்த தொட்டில் இப்போதும் உங்கள் பரணில்தான் இருக்கிறதா? அனுப்பவேண்டாம். சும்மா கேட்டேன்.

உங்கள்
ஹெல்மி


டொலீடோ, ஒகாயோ
நவம்பர் 27, 1978

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டேன். நாங்கள் நலம். தலைவலிக்குக் கண்ணைப் பரிசோதித்துக்கொள்; நாற்பத்தொரு வயதில் மூக்குக்கண்ணாடி வெட்கப்படவேண்டிய பொருளன்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மஞ்சள் என்பது தெளிவான விடை. உன் தொட்டிநீர் புளித்துவிட்டது. நொறுக்கிய கிளிஞ்சல் ஒரு பை அனுப்பியுள்ளேன்; வடிகட்டியினுள் போடு. மேலும் நீரினூடே காற்றோட்டம் அதிகமானால் புளிப்பு வெளியேறும். ஆகவே இரண்டாவது பம்ப் ஒன்றும் அனுப்பியுள்ளேன். மாப்பிள்ளையின் தூக்கத்தை முன்னிட்டு இரண்டு பம்ப்புகளையும் நிலவறையில் வைத்து, குழாயை மட்டும் தரைத்துளை வழியே மேலே கொண்டுவா. பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் மின்சாரம் நிற்கும்போது தொட்டிநீர் குழாய்வழி இறங்கிவிடும். அதைத் தடுக்கும் ஒருவழி வால்வையும் இணைத்துள்ளேன். அம்புக்குறி தொட்டியை நோக்கி இருக்கவேண்டும்.

முத்துக் குராமியைப் பற்றி மட்டும் கவலைப்படாதே. அது செவுளை மட்டும் நம்பிய மீனன்று. மேலே வந்து, நீருக்கு வெளியே உள்ள காற்றை வாயால் வாங்கிக்கொள்ளும் உறுப்பு அதற்கு உண்டு. மற்றவை எல்லாம் மடிந்தாலும் அது இருக்கும்.

தொட்டில் பரணில் உள்ளது. நீளம் முப்பத்தாறு அங்குலம். பின்னங்கால் ஒன்று ஆடுகிறது. கேட்டதன் காரணத்தை நீ எழுதவில்லை.

அன்புடன்,
ஆர்வோ


வடக்கு மினசோட்டா
டிசம்பர் 10, 1978

அன்புள்ள அண்ணா,

நலம். தூக்கந்தான் தீரவில்லை. மாவு பிசைந்துகொண்டே நாற்காலியில் தூங்கிவிட்டேன். ஏலக்காய் ரொட்டி கரிந்த பிறகுதான் விழித்தேன். லெம்பி காபி குடிக்க வந்தவள் என் முகத்தையே பார்த்துவிட்டு, “ஏன்டி, கன்னம் ரெண்டும் இப்படிச் செவந்து கெடக்கு? காலைல வாந்தி வேற எடுக்கிறியாம். கெழவிங்கிட்ட மறைச்சா கதைக்காகாதுடி” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எதுவும் சொல்லவில்லை. உங்களுக்கும் இப்போது சொல்லமாட்டேன். கிறிஸ்துமஸ் கழியட்டும். முன்பு இரண்டு முறை அவசரப்பட்டுச் சொல்லிவிட்டு, பிறகு ஊரெல்லாம் என்னைத் துக்கம் விசாரித்தது.

பம்ப்புகள் நிலவறையில் ஓடுகின்றன. சத்தமே இல்லை. அம்புக்குறி தொட்டியை நோக்கித்தான் இருக்கிறது.

முத்துக் குராமி செத்துவிட்டது. பம்ப்பை மாற்றிய அந்த வாரத்தில் செத்தவற்றில் அதுதான் முதல். கண்ணாடி மூடிக்கு அடியில், வாய் மேலே பார்க்க, மிதந்துகொண்டிருந்தது. கப்பி மீன்கள் அதற்குப் பிறகும் இரண்டு நாள் இருந்தன.

உங்கள்
ஹெல்மி


டொலீடோ, ஒகாயோ
டிசம்பர் 16, 1978

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். உங்கள் இருவருக்கும் எங்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். அதிகத் தூக்கம் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம், ஈரல் சாப்பிடு. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ எழுதியிருப்பது நடக்க முடியாதது. புளித்த நீரில் குராமி கடைசியில் சாகலாம், முதலில் சாகாது. நீ செத்த வரிசையைத் தவறாகக் குறித்திருக்கவேண்டும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தூக்கக் கலக்கத்தில் எவருக்கும் நேரும்.

எனினும் ஐயத்தை ஐயமாக விட்டுவைப்பது என் வழக்கமன்று. ஆகவே ஒரு சோதனை செய். தொட்டிநீரை ஒரே மாதிரியான இரண்டு வாயகன்ற ஜாடிகளில் எடு. ஒன்றைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வை. மற்றதை லெம்பியின் வீட்டில் வை. இரண்டையும் மூடக்கூடாது. மறுநாள் இரண்டிலும் சாயம் விட்டுப் பார். நீரில் குறை இருந்தால் இரண்டும் மஞ்சளாகவே இருக்கும். நான் அதைத்தான் எதிர்பார்க்கிறேன்.

மேலும், அக்டோபருக்குப் பிறகு உன் வீட்டில் மாறியது எது? ஒன்றையும் விடாமல் எழுது.

அன்புடன்,
ஆர்வோ


வடக்கு மினசோட்டா
ஜனவரி 2, 1979

அன்புள்ள அண்ணா,

புத்தாண்டு உங்களுக்கும் அண்ணிக்கும் ஆசீர்வாதமாக அமையட்டும். பதில் தாமதமாகிவிட்டது. கிறிஸ்துமஸ் வாரம் முழுவதும் எழுந்திருக்க முடியவில்லை. பேனாவைக் கையில் எடுத்தால் எதற்கு எடுத்தேன் என்பது மறந்துபோகிறது. கையெழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ரெய்னோ நேற்று நிலவறைப் படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். வயது என்று சிரித்தார்.

ஜாடி வைத்தேன். எங்கள் வீட்டு ஜாடி மஞ்சள். லெம்பி வீட்டு ஜாடி பச்சையைத் தாண்டி நீலமாகிவிட்டது. அதே நீர், அதே நாள். லெம்பிக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா, என் வீட்டுல காலடி வெச்சதும் தண்ணிகூட மனந்திரும்பிடுச்சு. பாதிரியார்கிட்ட சொல்லணும்” என்கிறாள். இதில் நான் என்ன தவறு செய்தேன் என்று எழுதுங்கள்.

மாறியது எது என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் மாறவில்லை அண்ணா. அதே வீடு, அதே மனிதர்கள்.

இரண்டு பிளாட்டி மீன்கள் மட்டும் மிச்சம்.

உங்கள்
ஹெல்மி


டொலீடோ, ஒகாயோ
ஜனவரி 8, 1979

ஹெல்மி,

இதை இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு எழுந்து போய்க் கதவைத் திற. ரெய்னோவை எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போ. நிலவறைக்குள் இறங்காதே. லெம்பியின் வீட்டுக்குப் போன பிறகு மீதியைப் படி.

நீரில் குறை இல்லை. வீட்டை விட்டு வெளியே போன நீர் தானாகத் தேறியிருக்கிறது. வீட்டுக்குள் இருந்த நீர் தேறவில்லை. நீ வரிசையைத் தவறாகக் குறிக்கவில்லை. குராமி நீரை நம்பி வாழவில்லை. மூடிக்கு அடியில் இருந்த காற்றை வாங்கி வாழ்ந்தது. அந்தக் காற்று, நான் நிலவறையிலிருந்து இழுக்கச் சொன்ன குழாயின் வழியே வந்தது. நிலவறையில் ரெய்னோ செய்திருக்கும் ஏற்பாடு எதுவென்று எனக்குத் தெரியாது. அது எரிகிற ஒன்று என்பதும், அதன் புகை வெளியே போகவில்லை என்பதும் தெரியும். அதில் மணமில்லாத, நிறமில்லாத நஞ்சு உண்டு. கதகதப்பு வெளியே போகாதபடி நீங்கள் வீட்டை அடைத்தீர்கள்; மிச்சமிருந்த இடுக்கை நான் எண் போட்டு அடைக்கச் சொன்னேன்.

உன் கடிதங்களையெல்லாம் இன்று எடுத்து முதல் பத்திகளை மட்டும் வரிசையாகப் படித்தேன். தலைவலி. குமட்டல். தூக்கம். ஞாயிற்றுக்கிழமை சுகம். நீ ஒவ்வொரு முறையும் எழுதியிருக்கிறாய். நான் ஒவ்வொரு முறையும் ‘இனி விஷயத்துக்கு வருகிறேன்’ என்று எழுதியிருக்கிறேன்.

தொலைபேசி நிலையத்துப் பெண், உங்கள் பக்கத்துக் கம்பிகள் புயலில் அறுந்துவிட்டன என்கிறாள். உங்கள் மாவட்டக் காவல் அதிகாரியிடம் பேசினேன். பாதை மூடியிருக்கிறதாம், பனியகற்றும் வண்டிக்கு ரேடியோவில் சொல்வதாக வாக்களித்தார். “மீன் செத்துப்போச்சுன்னா சார் கூப்புடுறீங்க?” என்று கேட்டார். ஆம் என்றேன்.

இதை விரைவுத் தபாலில் சேர்த்துவிட்டு நானும் காரில் புறப்படுகிறேன். எது முன்னால் வந்து சேரும் என்று தெரியவில்லை.

ஆர்வோ


வடக்கு மினசோட்டா
ஜனவரி 8, 1979

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம். எல்லோரும் என்று எழுதுவதற்கு எவ்வளவு ஆசையாக இருக்கிறது.

கிறிஸ்துமஸ் கழிந்துவிட்டது, இனிச் சொல்லலாம். ஆகஸ்டில் நீங்கள் தாய்மாமன் ஆகிவிடுவீர்கள். மருத்துவரிடம் இன்னும் போகவில்லை. போன முறை அவர் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு அவரிடம் பயம். ஆனால் ஒரு பெண்ணுக்குத் தெரியாதா? மசக்கை, தூக்கம், தலைசுற்றல், எல்லாம் இருக்கிறது. நாளும் தள்ளிப்போய்விட்டது. ரெய்னோ நேற்று என் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “உள்ள உங்க அண்ணனேதான். ஏதோ நம்பர் எண்ணுற சத்தம் கேக்குது” என்றார்.

தூக்கம் வருகிறது. இன்று குளிர் சைபருக்குக் கீழே நாற்பது வரை போகுமாம். ரெய்னோ நிலவறை அடுப்பில் விறகை வாய்வரை திணித்திருக்கிறார். பழைய பள்ளிக்கூடத்து அடுப்பு அது. அவரே கழற்றிக் கொண்டுவந்து, புகைக்குழாயையும் அவரே மாட்டினார். இப்போது சொல்லிவிட்டேன், திட்டாதீர்கள். வீட்டிலேயே சூடான அறை தொட்டியறைதான். ஆகவே கட்டிலை அங்கே போட்டாயிற்று. கடைசி மீனும் போய்விட்டது. விளக்கை மட்டும் எரியவிட்டிருக்கிறேன். குமிழிகள் வந்துகொண்டே இருக்கின்றன, பார்க்க நன்றாக இருக்கிறது.

தொட்டிலின் எந்தக் கால் ஆடுகிறது என்று எழுதி

கொஞ்சம் படுத்துவிட்டு மீதியை எழுதுகிறேன்


டொலீடோ, ஒகாயோ
ஜனவரி 28, 1979

அன்புத் தங்கை ஹெல்மிக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? பதில் வேண்டித்தான் கேட்கிறேன். இந்தக் கடிதத்தில் வேறு விஷயம் இல்லை.

உன்னையும் ரெய்னோவையும் ஆஸ்பத்திரியில் கண்விழித்த நிலையில் விட்டு வந்த பிறகும், மனம் அங்கிருந்து திரும்பவில்லை. ரெய்னோவின் கை நடுக்கம் குறைந்ததா? உங்கள் கதவை உடைத்த பனிவண்டி ஓட்டுநருக்கு நன்றிக் கடிதம் எழுதினேன். புகைக்கூண்டின் வாய் முழுவதும் பனிக்கட்டி அடைத்திருந்ததாகவும், குழாயின் மூட்டு ஒன்று விரல் நுழையுமளவு திறந்திருந்ததாகவும் அவர் பதில் எழுதியிருக்கிறார். ரெய்னோவிடம் இதைச் சொல்லவேண்டாம். ஜன்னலை அடைக்கச் சொன்னவன் மூட்டைப் பற்றிப் பேசுவதற்கில்லை.

வீடு திரும்பியதும் உன் ஜனவரி எட்டாம் தேதிக் கடிதம் மேசைமேல் இருந்தது. உன் கட்டிலருகே கிடந்ததை உறையிலிட்டு லெம்பிதான் தபாலில் சேர்த்தாளாம். ஆஸ்பத்திரியில் நீ இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை; மருத்துவர்கள் சுற்றி நின்றபோது சொல்ல வெட்கப்பட்டிருப்பாய் என்று இர்மா சொல்கிறாள். இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை இர்மா உரக்கப் படித்தாள்.

இடது பின்னங்கால். பரணிலிருந்து இறக்கி, பசை வைத்து, இறுக்கி, ஒரு வாரம் உலரவிட்டுள்ளேன். இப்போது ஆடவில்லை. எப்போது அனுப்பவேண்டும் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
ஆர்வோ


வடக்கு மினசோட்டா
பிப்ரவரி 18, 1979

அன்புள்ள அண்ணா,

அண்ணிக்கும் உங்களுக்கும் என் அன்பு. ரெய்னோ அடுப்பைத் துண்டு துண்டாக வெளியே கொண்டுபோய்ப் பனியில் போட்டுவிட்டார். கை நடுக்கம் குறைந்திருக்கிறது. ஆனால் சில சொற்கள் அவருக்கு வருவதில்லை. நேற்று உப்பைக் காட்டி, “அதான்... அந்த வெள்ள... ஏரி மேல இருக்குமே” என்றார். எடுத்துக் கொடுத்தேன். இப்போதெல்லாம் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்துத்தான் தூங்குகிறோம். லெம்பி வந்தால் சால்வையை இறுக்கிக்கொண்டு, “ஒண்ணு பொகைஞ்சு சாவேங்கிறீங்க, இல்லைன்னா வெறைச்சு சாவேங்கிறீங்க” என்று திட்டுகிறாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு எழுந்துபோய்க் காபி போடுகிறாள்.

மீன்தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன். புதிய மீன்கள் அனுப்பவேண்டாம்.

நீங்கள் போன மறுநாள் மருத்துவர் என்னைத் தனியாக அழைத்து உட்காரவைத்தார். நான் கேட்டேன், அவர் சோதித்தார். நாள் தள்ளிப்போவது என் வயதில் வழக்கந்தான் என்றார். மற்றவற்றுக்கு அந்தப் புகையே காரணமாம். முன்பு இரண்டு முறை இருந்து போயிற்று. இந்த முறை இருக்கவே இல்லை. ஆகவே ஜனவரி எட்டாம் தேதி நான் எழுதிய கடிதத்தை நீங்கள் வைத்திருக்கவேண்டாம். தொட்டிலின் காலை ஒட்டியது நல்லது. அதைப் பரணிலேயே ஏற்றிவிடுங்கள். இங்கே ரெய்னோவிடம் இதைச் சொன்னபோது, அவர் தொட்டில் என்ற சொல்லையும் மறந்தவர் போலத் தலையாட்டினார்.

உங்கள் மீது எனக்கு வருத்தமில்லை. நீங்கள் கண்டுபிடித்தது சரி. நீங்கள் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுதவேண்டும் என்பதற்காகவே இன்று உட்கார்ந்தேன். காலையில் தலைவலி இல்லை. குமட்டல் இல்லை. காபி குடிக்க முடிகிறது. பகலில் தூக்கம் வருவதில்லை. எல்லாம் நின்றுவிட்டது.

நான் நலம், அண்ணா.

உங்கள்
ஹெல்மி